விலை கேட்காத நற்செய்தி

‘மறைபரப்பு’ என்பது ஆலயத்துக்குள் நல்ல சொல். ஒக்டோபர் மாதம் மறைபரப்பு ஞாயிறு வரும். காணிக்கை எடுப்போம், செபமாலை சொல்வோம், தூர தேசங்களில் பணியாற்றும் குருக்களையும் கன்னியரையும் நினைத்துக் கொள்வோம். அதே சொல்லை ஒரு நிவாரண வரிசையில் நின்று கேட்டுப் பாருங்கள். ஒரு கையில் குடும்ப அட்டையும் மறு கையில் வெறும் பையுமாக நிற்கும் சைவத் தாய் ஒருத்தியின் காதில் அது வேறுவிதமாக விழும். இந்த மாவும் பருப்பும் எதற்காகத் தருகிறார்கள், நாளைக்கு என்ன கேட்பார்கள் என்று அவள் வாய்விட்டுக் கேட்பதில்லை. கேட்காவிட்டாலும் அந்தக் கேள்வி அவளோடு வரிசையில் நிற்கிறது.

இவ்விதழைக் கையில் எடுப்போரில் வேதக்காரரும் உண்டு, சைவரும் உண்டு. இன்னும் சொந்தக் காணிக்குப் போக முடியாதவர்கள் உண்டு; போய்ச் சேர்ந்து, பற்றை வெட்டி, கிணறு இறைத்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கியவர்களும் உண்டு. ஆகவே மறைபரப்பைப் பற்றிப் பேசுவதாயின் எல்லோர் காதிலும் விழும்படி பேசுவதே முறை. சைவ அயலவர் முன்னால் சொல்லக் கூசும் மறைபரப்புத் திட்டம் ஒன்று எம்மிடம் இருக்குமாயின், அது ஆண்டவருடைய திட்டமாக இருக்க முடியாது.

நவீன கலாசாரத்தில் நற்செய்தியை எவ்வாறு புதிதாக அறிவிப்பது என்பது திருச்சபையில் நெடுநாளாகப் பேசப்படும் விடயம். பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1983இல் ஹெயிட்டி நாட்டில் இலத்தீன் அமெரிக்க ஆயர்களிடம் புதியதொரு நற்செய்திப் பணி தேவை என்றார். 2010இல் பாப்பரசர் பதினாறாம் ஆசீர்வாதப்பர் அதற்கெனத் தனி அவை ஒன்றை உரோமையில் நிறுவினார். 2012இல் ஆயர் மாமன்றம் இதே பொருளில் கூடிற்று. 2022இல் பாப்பரசர் பிரான்சிஸ் நற்செய்தி அறிவிப்புக்கான பேராயத்தை உருவாக்கித் தாமே அதன் தலைமையை ஏற்றார். 2025 மே மாதம் தெரிவான பாப்பரசர் பதினான்காம் லியோ, பெரு நாட்டின் ஏழை மக்களிடையே பல ஆண்டுகள் மறைப்பணி செய்தவர். மேலிடத்தில் அக்கறை குறைவு என்று எவரும் சொல்ல முடியாது.

ஆனால் உரோமையிலிருந்து எமது கிராமத்துக்கு வந்து சேரும்போது அந்த அக்கறை பெரும்பாலும் கருவிகளாகச் சுருங்கி விடுகிறது. பெரிய ஒலிபெருக்கி, நேரலைத் திருப்பலி, வட்ஸ்அப் குழு, ஆலயச் சுவரில் ஒரு திரை. இவற்றைக் குறை சொல்ல வரவில்லை. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளின் பின்னர் ஆலயக் கதவுகள் மூடப்பட்டிருந்தபோதும், 2020இல் கொரோனா வந்தபோதும், நோயாளிகளும் வயோதிபரும் திரையில்தான் திருப்பலி கண்டார்கள். அது பெரிய ஆறுதல். ஆயினும் இவையெல்லாம் வாய்க்கால்கள். குளத்தில் தண்ணீர் இருக்கிறதா என்பதே விவசாயி முதலில் கேட்கும் கேள்வி.

நவீன கலாசாரம் என்றதும் பலருக்குக் கொழும்பு ஞாபகம் வருகிறது, அல்லது வெளிநாடு. அது எங்கள் கொட்டிலுக்குள் வந்து நெடுங்காலம் ஆயிற்று. தாய் குவைத்தில் வீட்டு வேலை செய்ய, பிள்ளை அம்மம்மாவின் மடியில் இருந்து அவளைக் கைத்தொலைபேசியில் பார்க்கிறது. ஒரு பொதி விதை இலவசமாக வருகிறது. பயிர் வளர்ந்து பூச்சி விழுந்த பின்தான் அதற்குரிய மருந்து எந்தக் கடையில், என்ன விலைக்கு என்பது தெரிகிறது. அயலில் உள்ள பெண்களைக் குழுவாகச் சேர்த்துக் கடன் கொடுக்கிறார்கள். கையெழுத்து வைக்கும்போது சிரித்த முகம், கிழமைக் கட்டணம் தவறும்போது வாசலில் வேறு முகம். இலவசமாகக் கிடைக்கும் ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு தூண்டில் இருக்கும் என்று எம் மக்கள் படித்து விட்டார்கள். எந்தப் பள்ளிக்கூடமும் சொல்லிக் கொடுக்காத பாடம் இது. பட்டுத் தெரிந்து கொண்டது. (ஆண்டவர் தம் சீடரை மனிதரைப் பிடிக்க அழைத்தது உண்மை. அவர் அழைத்தவர்கள் வலைகாரர்; தூண்டில்காரர் என்று எங்கும் சொல்லப்படவில்லை.)

இவ்வாறு தூண்டிலைத் தேடிப் பழகிய மக்களிடம், கையில் ஒரு பொருளோடு வரும் நற்செய்தி இன்னொரு கம்பனியின் விளம்பரமாகவே தோன்றும். எமது மறைபரப்புப் புதுப்பிக்கப்பட வேண்டுமாயின், புதிய கருவிகளுக்கு முன்னால், அது விலை கேட்காததாக மாற வேண்டும். இதுவே எமது வாதம். இது புதிய சரக்கும் அல்ல. இந்த மண்ணிலேயே முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர் நடந்து காட்டப்பட்டது.

தோம்பில் எழுதிய கிறிஸ்தவம்

1619இல் யாழ்ப்பாண இராச்சியம் போர்த்துக்கேயர் வசமாயிற்று. 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோவில் இடிக்கப்பட்டது. வாளும் சிலுவையும் ஒரே கப்பலில் வந்து இறங்கின. அக்காலத்துக் குருக்களில் தன்னலமற்ற நல்லவர்கள் இருந்தார்கள் என்பது வேறு விடயம். கோவில் இழந்த சைவனுக்கு அந்த வேறுபாடு எப்படித் தெரியும்? 2000ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் திகதி, உண்மையின் பெயரால் திருச்சபையின் பிள்ளைகள் செய்த வன்முறைகளுக்காகப் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் பகிரங்கமாக இறைவனிடம் மன்னிப்பு வேண்டினார். அந்த மன்னிப்பில் நல்லூரும் அடங்கும் என்றே நாம் கொள்கிறோம்.

1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்தனர். கத்தோலிக்கக் குரு எவருக்கும் வீட்டில் இடங்கொடுத்தால் மரண தண்டனை என்று அதே ஆண்டு கட்டளை பிறந்தது. ஒல்லாந்தர் தமது சபையை வளர்த்த விதத்தைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். கோவிற்பற்றுத் தோறும் பள்ளிக்கூடம் வைத்தார்கள். ஞானஸ்நானமும் விவாகமும் பள்ளிக்கூடத் தோம்பில் பதியப்பட்டன. தோம்பில் பெயர் இல்லாதவனுக்கு முதுசக் காணியில் உரிமை காட்டுவது கடினம். அரசாங்க உத்தியோகம் வேண்டுமாயின் அரசாங்கத்தின் மதத்தில் இருக்க வேண்டும். காணியும் வேலையும் விவாகமும் ஒரே புத்தகத்தில் கட்டப்பட்டிருந்தபடியால் தோம்பு நிறைந்தது. கிறிஸ்தவர் தொகை பெரிதாயிற்று. நெதர்லாந்துக்கு நல்ல அறிக்கைகள் போயின.

1796இல் ஆங்கிலேயர் வந்தார்கள். அந்தக் கட்டாயங்கள் தளர்ந்தன. சில ஆண்டுகளுக்குள் அத்தனை பெரிய தொகை பனிபோல் கரைந்து போயிற்று. தோம்பில் கிறிஸ்தவனாக இருந்தவன் வீட்டில் திருநீறு பூசிக்கொண்டுதான் இருந்திருக்கிறான். அவனை நாம் குறை சொல்ல மாட்டோம். காணியைக் காப்பாற்றக் கையெழுத்து வைத்தான். உறுதியைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு முகாம் முகாமாக அலைந்த எமக்கு அவன் நிலை விளங்கும்.

மறுபக்கத்தில், தடைசெய்யப்பட்ட கத்தோலிக்கர் இருந்தார்கள். 1658 தொடக்கம் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அவர்களுக்குக் குரு இல்லை, ஆலயம் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை, சலுகை ஒன்றும் இல்லை. கத்தோலிக்கனாக இருப்பதால் இழப்பு மட்டுமே உண்டு. அந்தச் சபை கரையவில்லை. மன்னாரின் மாந்தைப் பக்கத்து மக்கள் மாதாவின் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போனார்கள். அவர்கள் கொண்டுபோய் வைத்த இடமே இன்றைய மடு. இடம்பெயர்ந்த மக்களால் தோன்றிய திருத்தலம் அது. எங்கள் திருத்தலத்தின் அத்திவாரமே ஓர் அகதி முகாம்.

கூலிக்காரனாக வந்த குரு

அந்தக் குருவில்லாக் காலத்தை முடித்து வைத்தவர் யோசேவ் வாஸ் அடிகளார். கோவாவில் 1651இல் பிறந்த கொங்கணிக்காரர். இலங்கைக் கத்தோலிக்கர் மேய்ப்பரின்றி இருப்பதைக் கேள்விப்பட்டு, 1687இல் தூத்துக்குடியிலிருந்து கூலிக்காரன் வேடத்தில், யோவான் என்ற துணையாளுடன் யாழ்ப்பாணம் வந்தார். வந்தவுடன் வயிற்றுளைவு நோயால் படுத்துவிட்டார். அவரைக் காத்தது கோட்டையுமல்ல, கோவா நாட்டுப் பணமுமல்ல. ஒரு ஏழைப் பெண் கொண்டுவந்து கொடுத்த கஞ்சி என்று அவருடைய வரலாறு சொல்லும். மறைபரப்ப வந்தவர் முதலில் மக்களிடம் கையேந்தினார். நாம் கொடுக்கும் கையாக மட்டும் போய்ப் பழகியிருக்கிறோம். அவர் வாங்கும் கையோடு தொடங்கினார். பின்னர் கழுத்தில் செபமாலை தெரியப் பிச்சை கேட்டு வீடு வீடாகத் திரிந்தார். செபமாலையைக் கண்டதும் முகம் மாறியவர்களை வைத்து எந்த வீடு கத்தோலிக்க வீடு என்று அறிந்துகொண்டார்.

சில்லாலையை இருப்பிடமாகக் கொண்டு இரவில் திருப்பலி, பகலில் மறைவு என்று பணி நடந்தது. ஒல்லாந்தர் தேடத் தொடங்கியதும் புத்தளத்துக்குப் போய், அங்கிருந்து 1692இல் கண்டிக்குப் போனார். போர்த்துக்கேய ஒற்றன் என்று அங்கே சிறையில் போட்டார்கள். சிறையிலே சிங்களம் படித்தார். இரண்டாம் விமலதர்மசூரியன் என்ற பௌத்த அரசன் நாளடைவில் அவருடைய குணத்தைக் கண்டு நடமாட விட்டான். கத்தோலிக்கரை வேட்டையாடியவர்கள் கிறிஸ்தவர்கள், அடைக்கலம் கொடுத்தவன் பௌத்தன் என்பதை எமது மறைக்கல்வி வகுப்புகளில் இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லலாம்.

1697இல் கண்டியில் வைசூரி பரவிற்று. அரசன் உட்பட வசதியுள்ளவர்கள் நகரை விட்டு அகன்றனர். நோயாளிகள் காட்டோரங்களில் கைவிடப்பட்டனர். அடிகளாரும் அவரது மருமகனான கார்வாலோ அடிகளாரும் அவர்களுக்குக் கொட்டில் போட்டு, புண் கழுவி, உணவு கொடுத்து, இறந்தவர்களை அடக்கம் செய்தார்கள். நோயாளி எந்த மதம் என்று கேட்கவில்லை. அவர்களில் பெரும்பாலோர் பௌத்தர்கள். கண்டி இராச்சியத்தில் நற்செய்திக்குக் கதவு திறந்தது அதன் பின்னர்தான். கதவைத் திறப்பதற்காகச் செய்த வேலையாக அது இருந்திருந்தால், வைசூரிக்காரனின் பாயருகே ஒரு கிழமைகூட அவர் தங்கியிருக்க மாட்டார்.

இன்னொன்றும் உண்டு. இதை நாம் குறைவாகவே பேசுகிறோம். இலங்கை முழுவதும் நடந்து திரிந்த ஒருவர் ஒரு கிராமத்துக்கு மீண்டும் வர மாதங்கள் ஆகும். ஆகவே போகுமிடமெல்லாம் மூப்பரையும் அண்ணாவியாரையும் நியமித்தார். செபம் நடத்துவது, பிள்ளைகளுக்குப் படிப்பிப்பது, ஆபத்தில் ஞானஸ்நானம் கொடுப்பது, பிணக்குத் தீர்ப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு. சபை மக்களின் கையில் இருந்தது. 1705இல் அவருக்குத் துணையாக வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழும் சிங்களமும் கற்று, மக்கள் பாடவும் வாசிக்கவும் நூல்கள் எழுதினார். தபசு காலத்தில் நாம் இன்றும் இராகத்தோடு வாசிக்கும் வியாகுல பிரசங்கம் அவர் தந்தது. 1711 ஜனவரி 16ஆம் திகதி கண்டியில் வாஸ் அடிகளார் காலமானார்.

1995இல் காலிமுகத்திடலில் அவரை முத்திப்பேறு பெற்றவராகப் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் உயர்த்தினார். 2015 ஜனவரி 14ஆம் திகதி அதே திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்துவிட்டு, அன்று பிற்பகலே மடுவுக்கு வந்தார். மத வேற்றுமை பாராமல் சமாதானத்துக்கு உழைத்ததையும் மறைபரப்பு ஆர்வத்தையும் ஒரே மனிதரிடம் சேர்த்துக் காட்டி அன்று அவர் பேசினார். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்று நினைப்போர் எம் பக்கத்திலும் உண்டு, மறுபக்கத்திலும் உண்டு.

சட்டம் கேட்ட கேள்வி

மறுபக்கத்தார் நினைப்பது 2003இல் நீதிமன்றம் வரை போயிற்று. பாடசாலைகளும் நோயாளர் பராமரிப்பும் நடத்தும் மென்சிங்கன் திருச்சிலுவைக் கன்னியர் சபையைக் கூட்டிணைக்கும் சட்டமூலம் உயர் நீதிமன்றத்தில் எதிர்க்கப்பட்டது. மதத்தைப் பரப்புவதும் பொருளுதவி செய்வதும் ஒன்றாகச் சேர்வது அரசியலமைப்புக்கு முரண் என்று நீதிமன்றம் தீர்மானித்தது. மறு ஆண்டு கட்டாய மதமாற்றத் தடைச் சட்டமூலம் ஒன்றும் பாராளுமன்றத்துக்கு வந்தது, அது சட்டமாகவில்லை. கன்னியரின் முறைப்பாட்டை ஆராய்ந்த ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு, அவர்களுடைய மதச் சுதந்திரம் மீறப்பட்டதாக 2005இல் முடிவு கூறிற்று.

சட்ட நியாயம் கன்னியர் பக்கமே என்பதில் எமக்கு ஐயமில்லை. நோயாளிக்குத் தண்ணீர் கொடுக்கும் கை செபிக்கவும் கூடாது என்று எந்த அரசும் சொல்ல முடியாது. ஆனால் வழக்கில் வென்றதால் அயலவனின் மனம் வெல்லப்படுவதில்லை. அவனுடைய ஐயத்துக்கு எமது திருச்சபையே முன்னரே பதில் சொல்லியிருக்கிறது. 1965 டிசெம்பர் 7ஆம் திகதி இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட சமயச் சுதந்திரம் பற்றிய ஏட்டில், விசுவாசத்தைப் பரப்பும்போது வற்புறுத்தலும் நேர்மையற்ற தூண்டுதலும் கூடாது, அதிலும் ஏழைகளிடத்தும் கல்வியறிவு குறைந்தவர்களிடத்தும் விசேடமாகக் கூடாது என்ற கருத்து தெளிவாக உண்டு. எல்லாம் இழந்து வந்தவனும் அந்த வரிசையில் முதலில் நிற்பவன். பசித்தவன் சொல்லும் ‘ஆம்’ முழுமையான ‘ஆம்’ அல்ல.

ஆகவே நடைமுறையில் ஒரு வரம்பு கட்ட வேண்டும். நிவாரணப் பட்டியலும் மறைக்கல்விப் பட்டியலும் ஒரே கையில் இருக்கக் கூடாது. நீர்ப்பம்பி கொடுக்கும் நாளில் துண்டுப்பிரசுரம் கொடுக்கக் கூடாது. எங்கள் வேதக்காரருக்கு முதலில் என்று பங்கில் எவராவது கேட்டால், அவர் எவ்வளவு பெரியவராயினும், இல்லை என்று சொல்லும் துணிவு பங்குச் சபைக்கு வேண்டும். பின் எப்போதுதான் இயேசுவைப் பற்றிப் பேசுவது என்று ஆர்வமுள்ள இளைஞர் கேட்பர். நியாயமான கேள்வி. பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் 1975இல் எழுதிய நற்செய்தி அறிவிப்பு மடலில் இதற்கு ஒழுங்கு சொல்லியிருக்கிறார்: முதலில் வார்த்தையில்லாச் சாட்சியம், அது மற்றவர் மனதில் ஏன் என்ற கேள்வியை எழுப்பும், அப்போது வார்த்தையும் அவசியம். ‘ஏன் தம்பி எங்களுக்காக இப்படி அலைகிறாய்?’ என்று ஐயா ஒருவர் கேட்கும்போது தலையைக் குனிந்துகொண்டு ‘சும்மா’ என்று சொல்வதும் பிழைதான். கேட்டவருக்கு நேராகச் சொல்ல வேண்டும். ஆலயத்தில், கூத்தில், திருநாளில், அழைப்பு எல்லோருக்கும் திறந்திருக்கட்டும். பொதியோடு மட்டும் போகக் கூடாது.

கூட நின்றவர்கள்

கடந்த நாற்பது ஆண்டுகளில் எம் மக்கள் நம்பிய மறைபரப்பு எது என்று யோசித்துப் பார்த்தால் இது விளங்கும். 1990 தொடக்கம் மடு வளவு பல்லாயிரம் அகதிகளின் வீடாக இருந்தது. 1995 ஜூலை 9ஆம் திகதி நவாலியில் இடம்பெயர்ந்தோர் தங்கியிருந்த ஆலயத்தின் மேல் குண்டு விழுந்தது. 1999 நவம்பரில் மடுவிலேயே எறிகணைக்குப் பலர் பலியாயினர். அந்த வளவுகளில் செத்தவர்களும் பிழைத்தவர்களும் எந்த மதத்தார் என்று பிரித்து எண்ண எவருக்கும் மனம் வரவில்லை. அல்லைப்பிட்டி மக்களோடு நின்ற ஜிம் பிறவுண் அடிகளார் 2006 ஓகஸ்டில் காணாமற் போனார். 2009 மே 18ஆம் திகதி வட்டுவாகலில் சரணடைந்தோருடன் சென்ற பிரான்சிஸ் யோசேப் அடிகளாரும் திரும்பி வரவில்லை. கடைசி வரை மக்களோடு பதுங்குகுழியில் இருந்த சரத்ஜீவன் அடிகளார் அதே நாளில், வெளியே வந்த நிலையில் உயிர் துறந்தார். இவர்கள் அங்கே எவரையும் மதம் மாற்றவில்லை. ஆனால் வன்னியில் ஒரு சைவக் கிழவி ‘சுவாமி’ என்ற சொல்லைச் சொல்லும்போது அந்தக் குரலில் உள்ள மரியாதை, எந்த ஒலிபெருக்கியாலும் வந்ததல்ல.

போர் முடிந்து ஆண்டுகள் பல சென்ற பின்னரும் கூட நிற்க இடங்கள் இருக்கின்றன. மன்னார் முள்ளிக்குளம் மக்கள் 2007இல் வெளியேற்றப்பட்டார்கள். ஊர் கடற்படை முகாமாயிற்று. 2017இல் வீதியோரத்தில் இருந்து போராடிய பின் ஒரு பகுதிக் காணி விடப்பட்டது. 1992இல் இடம்பெயர்ந்த இரணைதீவு மக்கள் 2018 ஏப்ரல் 23ஆம் திகதி தங்கள் படகுகளிலேயே தீவில் போய் இறங்கினார்கள். தங்கள் ஆலயத்தின் முன்னால்தான் முதலில் கூடினார்கள். மறைபரப்பு மாநாட்டுத் தீர்மானங்களில் இப்படியான நாட்கள் இடம்பெறுவதில்லை. காணி வேறு, விசுவாசம் வேறு என்று எண்ணுவதால் வரும் குறை அது. வயல் இல்லாத விவசாயியிடம் விதைப்பவன் உவமையை எப்படிப் பிரசங்கிப்பது?

புதிய செபக் கூட்டங்களுக்கு எம் இளம் குடும்பங்கள் போவதைப் பற்றிப் பங்குகளில் முறைப்பாடு அதிகம். அவர்களைத் திட்டுவதில் பயனில்லை. சில இடங்களில் பணமும் பொருளும் காட்டி அழைப்பது உண்மை. அது மேலே சொன்ன தூண்டில்தான். ஆனால் எல்லோரும் பொருளுக்காகப் போகவில்லை. கடன்காரன் வாசலில் நின்றுவிட்டுப் போன அன்று இரவு, யாரோ ஒருவர் வீட்டுக்கு வந்து, பாயில் இருந்து, பெயர் சொல்லிக் கைபிடித்துச் செபித்தார்கள். நாங்கள் போகவில்லை. அவர்கள் போனார்கள். மகன் போதைப் பழக்கத்தில் விழுந்த வீட்டுக்கும், புருஷன் காணாமற் போன வீட்டுக்கும் கிழமைக்கு ஒருமுறை போய்வர ஒரு பங்குத் தந்தையால் மட்டும் இயலாது. ஐந்தாறு கிளைக் கோவில்களும் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றும் உள்ள மனிதர் அவர்.

அங்கேதான் மூப்பரும் உபதேசியாரும் வேண்டும். வாஸ் அடிகளார் காலத்தில் சபையைத் தாங்கியவர்கள் அவர்கள். முகாம்களிலும் குரு வந்துசேரும் வரை மாலைச் செபத்துக்கு மணி அடித்தவர்கள் அவர்களே. மணி இல்லாத இடத்தில் தகரத்தில் தட்டினார்கள். இன்று மீளக் குடியேறிய ஊர்களில் கோபுரங்கள் முன்னையதை விட உயரமாக எழுகின்றன. வெளிநாட்டில் உள்ள எம் உறவினர் அன்போடு அனுப்பும் பணம் அது. அவர்கள் மனம் நோகச் சொல்லவில்லை. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். நாற்பது குடும்பம் உள்ள ஊருக்கு அவ்வளவு சீமெந்து தேவையில்லை. அதே ஊரில் உபதேசியாருக்குக் கொடுப்பதைச் சம்பளம் என்று சொல்ல வாய் கூசுகிறது. இளையவர்கள் அந்த வேலைக்கு வராததற்குப் பக்திக் குறைவு காரணமல்ல. அவர்களும் வீடு கட்ட வேண்டும், பிள்ளை வளர்க்க வேண்டும்.

உபதேசியாருக்கு இக்காலத்துக்கேற்ற படிப்பும் வேண்டும். வேதாகமம் தெரிந்தால் மட்டும் போதாது. கடன் பத்திரம் ஒன்றை வாசித்து அதிலுள்ள வட்டியைக் கணக்குப் பார்த்துச் சொல்லத் தெரிய வேண்டும்; காணி உறுதி, அனுமதிப் பத்திரம் இவற்றின் வேறுபாடு தெரிய வேண்டும்; பிள்ளை கைத்தொலைபேசியில் எங்கே வழுக்கி விழுகிறது என்று தாய்க்கு விளங்கப்படுத்தத் தெரிய வேண்டும். பெண்களும் அந்தப் பணிக்கு வரட்டும். பல கிராமங்களில் குடும்பத்தைத் தலைமை தாங்குவோர் பெண்களே. அவர்கள் வீட்டுக்குள் இரவு ஏழு மணிக்கு ஓர் ஆண் போய் இருந்து பேச முடியாது என்பது எங்கள் ஊர் வழக்கம் தெரிந்த எல்லோருக்கும் விளங்கும்.

பாட்டும் கூத்தும் பற்றி ஒரு வார்த்தை. மன்னாரில் மாதோட்டப்பாங்கு, யாழ்ப்பாணப்பாங்கு என்று இரு வகைக் கூத்து மரபுகளையும் வளர்த்தவர்கள் எங்கள் கத்தோலிக்க விவசாயிகளும் கடற்றொழிலாளருமே. 1965இல் மரிய சேவியர் அடிகளார் தொடக்கிய திருமறைக் கலாமன்றம், ஷெல் விழுந்த நாட்களிலும் யாழ்ப்பாணத்தில் திருப்பாடுகளின் காட்சியை மேடையேற்றியது. பார்க்க வந்தோரில் சைவர் எத்தனை பேர் என்று எவரும் கணக்கெடுக்கவில்லை. இடம்பெயர்வில் பல கூத்துக் கொப்பிகள் அழிந்து போயின. வாயில் மனப்பாடமாக வைத்திருந்த அண்ணாவிமார் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். கைத்தொலைபேசியை மறைபரப்புக்குப் பயன்படுத்த விரும்பும் இளைஞருக்கு இங்கே ஒரு வேலை காத்திருக்கிறது. வெளிநாட்டுப் பாடலுக்குத் தமிழ் வார்த்தை போட்டுப் பரப்புவதை ஒரு மாதம் நிறுத்தி, ஊரிலுள்ள வயோதிப அண்ணாவியார் முன்னால் போய் அமர்ந்து, அவர் பாடப் பாடப் பதிவு செய்யுங்கள். காலபோக அறுவடை முடிந்து தபசு காலம் தொடங்கும் நாட்கள் இதற்கு வசதியானவை. வெற்றிலை வாங்கிக்கொண்டு போகவும். வெறுங்கையோடு போனால் அவர் தொண்டையைச் செருமிக் கொண்டே இருப்பார்.